மனச்சோர்வு ஆய்வுக்கு உங்கள் பிள்ளையை அழைக்கும்போது



ஒரு நாள் உங்கள் பிள்ளையின் பள்ளிப் பையிலிருந்து ஒரு பாரம் வெளியே வரலாம். மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் அல்லது மருத்துவமனையின் சின்னம் இருக்கும். பதின்ம வயதினரின் மனநலம் பற்றிய ஆய்வுக்கு உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக மலாய்மொழியில் இரண்டு பக்கம் எழுதியிருக்கும். கடைசியில் உங்கள் கையெழுத்துக்கு ஒரு கோடு. "நாளைக்கே டீச்சர் கேப்பாங்க" என்று பிள்ளை அவசரப்படுத்துவார்.

பல வீடுகளில் இந்தப் பாரம் சுற்றுலாப் பாரத்தைப் போலவே வாசிக்காமல் கையெழுத்தாகிவிடுகிறது. வேறு சில வீடுகளில் "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்ற கோபத்தோடு குப்பைக்குப் போகிறது. இரண்டுமே புரிந்துகொள்ளக் கூடியவைதான். ஆனால் இந்தப் பாரத்தில் உங்களுக்கும் பிள்ளைக்கும் சில உரிமைகள் இருக்கின்றன. ஆய்வு செய்பவருக்குச் சில கடமைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதற்காகவே இந்தக் கையேடு.

பிள்ளைகளிடம் ஏன் கேட்க வேண்டும்?

"பெரியவர்களை வைத்து ஆராய்ச்சி செய்யலாமே, சின்னப் பிள்ளைகளை ஏன் இழுக்க வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பதில் இதுதான்: பிள்ளைகளின் மனச்சோர்வு பெரியவர்களின் மனச்சோர்வைப் போல் இருப்பதில்லை. பெரியவர் சோகமாக இருப்பார், அழுவார், தூங்காமல் புரண்டு படுப்பார். பிள்ளையோ எரிந்து விழலாம், கதவை அறையலாம், பிடித்த பந்து விளையாட்டை விட்டுவிடலாம், பள்ளி நாள்களில் மட்டும் வயிற்றுவலி என்று சொல்லலாம். மருந்தும் அப்படித்தான். பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயன் தந்த 'டிரைசைக்ளிக்' வகை மாத்திரைகள், பிள்ளைகளிடம் போலி மாத்திரையை விடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக வேலை செய்யவில்லை. பிள்ளைகளிடமே ஆராய்ந்ததால்தான் இது தெரிய வந்தது. ஆராயாமல் இருந்திருந்தால் பயனில்லாத மாத்திரையை, அதன் பக்க விளைவுகளோடு சேர்த்து, இன்றும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

நம் நாட்டில் தேவையும் இருக்கிறது. தேசிய சுகாதார, நோயுற்றநிலை ஆய்வின் ஒரு பகுதியாக 2022-இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 26.9 விழுக்காட்டினரிடம், அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம், மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 2017-இல் இதே வயதினரிடம் கண்ட அளவு 18.3 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களையும் பார்த்தவுடன் "ஐந்து ஆண்டில் இவ்வளவு கூடிவிட்டதே" என்று பதறத் தோன்றும். சற்று நிதானியுங்கள். 2017-இல் பயன்படுத்தியது 'டாஸ்-21' என்ற கேள்வித்தாள். 2022-இல் பயன்படுத்தியது 'பிஎச்கியூ-9' என்ற வேறொரு கேள்வித்தாள். முழக்கோல் மாறினால் நீளத்தை அப்படியே ஒப்பிட முடியாது. மேலும் இவை பிள்ளைகள் தாங்களே குறித்துக் கொடுத்த விடைகள், மருத்துவர் பார்த்துச் சொன்ன நோய் முடிவுகள் அல்ல. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர்களில் பலர்தாம் கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள். எண்ணை வெளியிடுபவர் இவ்வளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் ஆய்வாளரின் கடமைகளில் ஒன்று.

உங்கள் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம்

மலேசியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர் ஆய்வில் பங்கேற்கப் பெற்றோரின் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: நீங்கள் கையெழுத்திட்ட பிறகும் பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லலாம். உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்டு, பலமுறை திருத்தி, கடைசியாக 2024-இல் புதுப்பித்த ஹெல்சிங்கி பிரகடனம், பிள்ளைக்குப் புரிந்துகொள்ளும் வயது இருந்தால் அவருடைய சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறது. அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பொதுவாக ஏறத்தாழ ஏழு வயது முதல் பிள்ளைக்கு அவருடைய வயதுக்கேற்ற எளிய மொழியில் ஒரு தகவல் தாள் தருவது வழக்கம். உங்களுக்குத் தந்த தாளின் நகலையே பத்து வயதுப் பிள்ளைக்கும் தந்திருந்தால், ஆய்வாளர் தம் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறார்.

நம் பிள்ளைகளிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் சொன்னால் மறுக்கக் கூடாது என்று நாமே சொல்லி வளர்த்திருக்கிறோம். மண்டபத்தில் வகுப்பு முழுவதையும் உட்கார வைத்து, முன்னால் தலைமையாசிரியர் நின்றுகொண்டு, "விருப்பம் இல்லாதவர்கள் கை தூக்குங்கள்" என்றால் எந்தப் பிள்ளை கை தூக்கும்? இதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. நல்ல ஆய்வுக் குழு, பாடம் நடத்தும் ஆசிரியரை விலகி இருக்கச் சொல்லும். பங்கேற்க விரும்பாத பிள்ளை வெற்றுத் தாளை மடித்து அதே பெட்டியில் போடலாம் என்று முன்கூட்டியே சொல்லும். அப்போது யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது.

அன்பளிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பயணச் செலவைத் திருப்பித் தருவது முறையானது. சிறிய எழுதுபொருள் தருவதிலும் தவறில்லை. ஆனால் மாதக் கடைசியில் ஒரு குடும்பம் மறுக்க முடியாத அளவுக்குப் பணம் காட்டினால், அங்கே ஒப்புதல் வாங்கப்படவில்லை, விலைக்கு வாங்கப்படுகிறது.

ஒன்பதாவது கேள்வி

இந்தக் கையேட்டில் நீங்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள்.

மேலே சொன்ன பிஎச்கியூ-9 கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'ஏறக்குறைய எல்லா நாளும்' என்பது வரை நான்கு விடைகள், சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. முதல் எட்டுக் கேள்விகள் தூக்கம், பசி, சோர்வு, கவனம் போன்றவற்றைப் பற்றியவை. ஒன்பதாவது, கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. மற்ற கேள்வித்தாள்களிலும் இது போன்ற ஒரு கேள்வி இருக்கலாம்.

பெற்றோரின் முதல் பயம்: "இப்படிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே மனசில் விதைத்த மாதிரி ஆகாதா?" இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப்பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டனர். மறு பிரிவினரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் மன வேதனையோ அந்த எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்த மாணவர்களிடமும் கேள்வியால் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. 2005-இல் வெளிவந்த முடிவு இது. ஆகவே கேட்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது வேறொன்று: கேட்டுவிட்டு, விடையைப் பார்க்காமல் விடுவது.

நினைத்துப் பாருங்கள். படிவம் 2 படிக்கும் ஒரு பிள்ளை, வீட்டில் யாரிடமும் சொல்லாததை முதல்முறையாக ஒரு தாளில் குறிக்கிறார். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'ஏறக்குறைய எல்லா நாளும்'. தாள் பெட்டிக்குள் போகிறது. பெட்டி காரில் ஏறுகிறது. மூன்று வாரம் கழித்து ஓர் உதவியாளர் கணினியில் எண்களைப் பதிகிறார்: 1, 2, 2, 3, 3. அந்த மூன்று வாரமும் அந்தப் பிள்ளை என்ன நினைத்திருப்பார்? 'சொல்லிட்டேன், யாரும் ஒன்னும் கேக்கல' என்றுதான் நினைத்திருப்பார். சொல்லாமல் இருந்த நிலையைவிட இது மோசம்.

இதற்கு நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. 

முதல் வழியில், பெயரோ மைகிட் எண்ணோ எதுவும் கேட்கப்படாது. எந்தத் தாள் யாருடையது என்று ஆய்வாளராலும் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள் உண்மையை எழுத இது உதவுகிறது; நாடு முழுவதும் எத்தனை பேருக்குச் சிரமம் என்று அறிய இந்த முறை ஏற்றது. ஆனால் எழுதத் தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "இந்தத் தாளைப் பார்த்து உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். உதவி வேண்டுமென்றால் இதோ இவரிடம் வாருங்கள்." அந்த 'இவர்' அன்று அந்த மண்டபத்திலேயே இருக்க வேண்டும், பள்ளி ஆலோசகராகவோ பயிற்சி பெற்ற வேறொருவராகவோ. உதவி எண்கள் அச்சிட்ட சிறு அட்டையை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி தர வேண்டும். கேட்டவருக்கு மட்டும் தந்தால், கேட்டவர் யார் என்று வகுப்பே அறிந்துவிடும்.

இரண்டாவது வழியில், ஒவ்வொரு தாளிலும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்படும். ஆபத்தான விடை இருந்தால் மட்டும் பட்டியல் திறக்கப்படும். இப்படிச் செய்யும் ஆய்வாளர், ஒன்பதாவது கேள்வியின் விடைகளைப் பள்ளியை விட்டுக் கிளம்பும் முன், அன்றே பார்த்துவிட வேண்டும். ஆபத்தில் இருக்கும் பிள்ளையிடம் பயிற்சி பெற்ற ஒருவர் தனியாகப் பேச வேண்டும். பெற்றோருக்கு யார், எப்போது, எப்படிச் சொல்வது என்பதும், எந்த கிளினிக்குக்கு அனுப்புவது என்பதும், ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

நேர்மையற்றவையும் இரண்டு. பெயர் இருந்தும் பார்க்காமல் விடுவது ஒன்று. "பெயர் தெரியாது" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, கையெழுத்தை வைத்தோ இருக்கை வரிசையை வைத்தோ பின்னால் தேடிப் பிடிப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சிலர் நல்லெண்ணத்தோடு செய்யலாம். ஆனால் ஒருமுறை ஏமாற்றப்பட்ட பிள்ளை அடுத்த முறை யாரிடமும் உண்மை சொல்லாது. அந்த நல்லெண்ணத்தின் விலை அவ்வளவு.

எனவே பாரத்தில் கையெழுத்திடும் முன் ஆய்வாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: "என் பிள்ளை சாக வேண்டும் போலிருக்கிறது என்று குறித்தால், அதை யார், எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார்?" தெளிவான பதில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு தற்கொலை முயற்சி நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அதனால் பிள்ளை உண்மையை எழுதினால் போலீஸ் வருமோ என்று பயந்த பெற்றோர் உண்டு. தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. இப்போது அது உதவிக்குரிய நிலை, குற்றமில்லை.

பெற்றோருக்கும் சொல்லாத இரகசியம்

ஒப்புதல் தந்தவர் நீங்கள். அதனால் பிள்ளை என்ன எழுதினார் என்று காட்டச் சொல்லலாமா? பொதுவாக முடியாது. "அப்பா பார்ப்பார்" என்று தெரிந்தால் பிள்ளை எழுதுவது உங்களுக்காக எழுதியதாகிவிடும். உயிருக்கு ஆபத்து, பிறரால் தீங்கு ஆகிய நிலைகளில் மட்டும் இரகசியம் விலக்கப்படும். இந்த எல்லையைப் பேட்டி தொடங்கும் முன் உங்களிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும். பாதியில், பிள்ளை அழத் தொடங்கிய பிறகு சொல்வது முறையில்லை.

பிறரால் தீங்கு என்பதில் வீட்டுக்குள் நடப்பதும் அடங்கும். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி, ஒரு பிள்ளை அடிக்கப்பட்டோ பாலியல் கொடுமைக்கு உள்ளாகியோ இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், மருத்துவர் அதைச் சமூகநல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குடும்ப உறுப்பினருக்கும் பிள்ளை பராமரிப்பாளருக்கும்கூட அதே சட்டத்தில் இந்தக் கடமை உண்டு. பிள்ளையின் மனச்சோர்வுக்குப் பின்னால் இப்படி ஒன்று இருப்பது அபூர்வமில்லை என்பதால், ஆய்வாளர் இதற்கு ஆயத்தமாக வர வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்பதையும் பாருங்கள். பெரிய பட்டணத்துப் பள்ளியில் போதலாம். மொத்தம் முப்பது மாணவர்கள் உள்ள ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியைப் பற்றிய அறிக்கையில் "ஆறாம் ஆண்டு மாணவி, தாய் இல்லை, பாட்டியுடன் வசிக்கிறார்" என்று எழுதினால், அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும். சிறு பள்ளிகளில் வயது, பால், குடும்ப விவரம் ஆகியவற்றைச் சேர்த்து வெளியிடக் கூடாது. நம்முடையது போன்ற சிறிய சமூகங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. அதே போல, இந்தியப் பிள்ளைகளைப் பற்றி ஓர் எண் கிடைத்தால், வறுமை, பள்ளிச் சூழல், சிகிச்சைக்கான வசதி எதையும் சொல்லாமல் இனத்தின் பெயரோடு மட்டும் அதைச் செய்தியாக்குவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு.

கேள்வி எந்த மொழியில்?

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை நம்முடையது. மனசு வலிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில் சொல் வரும்? பெரும்பாலும் "மனசு சரியில்ல", "ஒரு மாதிரியா இருக்கு", "எல்லாம் போர்" என்றுதான் வரும். கேள்வித்தாளை மொழிபெயர்த்து அச்சடித்தால் மட்டும் அது அளவுகோல் ஆகாது. மொழிபெயர்ப்பை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிட வேண்டும், பிள்ளைகளிடம் கொடுத்து என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும், மருத்துவரின் கணிப்போடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சோர்வில்லாத பிள்ளைக்குச் சோர்வு என்ற முத்திரை விழும். சோர்வுள்ள பிள்ளை தப்பிப் போகும்.

முத்திரை பற்றிச் சொல்லும்போது: கேள்வித்தாளில் மதிப்பெண் அதிகம் என்றால் உங்கள் பிள்ளைக்கு நோய் உறுதி என்று பொருளில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே பொருள். மதிப்பெண்ணைப் பள்ளிக் கோப்பில் சேர்க்க எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை.

மருந்து ஆய்வு என்றால்

கேள்வித்தாளோடு நில்லாமல், சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளும் உண்டு. அதில் சில பிள்ளைகளுக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்படலாம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போல் கணினி முடிவு செய்யும். "நோயுள்ள பிள்ளைக்குப் போலி மாத்திரையா?" என்று மனம் கொதிப்பது இயல்பு.

அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். புளூவாக்செட்டின் மருந்து, சிந்தனை-நடத்தைப் பேச்சுச் சிகிச்சை, இரண்டும் சேர்ந்து, போலி மாத்திரை என நான்கு பிரிவுகள். 12 வாரத்துக்குப் பின் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், இரண்டும் சேர்ந்த பிரிவில் 71 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 61, பேச்சுச் சிகிச்சையில் 43, போலி மாத்திரையில் 35. கடைசி எண்ணைக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் போலி மாத்திரையோடும் தேறினார்கள். அடிக்கடி பார்த்துப் பேசும் மருத்துவர், காலம், நம்பிக்கை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒப்பிட அந்தப் பிரிவு இல்லாவிட்டால், தானாகத் தேறியதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். அதே சமயம், போலி மாத்திரைப் பிரிவை நெடுநாள் வைத்திருக்கவும் கூடாது. அடிக்கடி பார்த்துக்கொள்வது, நிலை மோசமானால் உடனே ஆய்விலிருந்து எடுத்து உண்மையான சிகிச்சை தருவது, ஆய்வு முடிந்ததும் அந்தப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுப்பது ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதும், விலகினால் உங்கள் பிள்ளையின் வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் பாதிக்கப்படாது என்பதும் பாரத்தில் இருக்கும். அது வெறும் சடங்கு வாசகம் இல்லை. மருத்துவரிடம் கடமைப்பட்டவர்போல் நினைத்துத் தயங்காதீர்கள்.

முடிவை மறைத்தால்

ஆய்வாளரின் கடமை கடைசிப் பிள்ளை வீடு திரும்பியதும் முடிந்துவிடுவதில்லை. இதற்கு உலகம் பாடம் கற்ற ஒரு நிகழ்வு உண்டு. 'ஆய்வு 329' என்பது அதன் பெயர். 1990-களில் வட அமெரிக்காவில் மனச்சோர்வுள்ள 275 பதின்ம வயதினருக்குப் பராக்செட்டின் மருந்தோ, பழைய வகை மருந்தான இமிப்ரமினோ, போலி மாத்திரையோ எட்டு வாரம் தரப்பட்டது. 2001-இல் வெளிவந்த கட்டுரை, பராக்செட்டின் பயனுள்ளது, பெரிதாகத் தொல்லை தராதது என்று அறிவித்தது. மருத்துவர்கள் அதை நம்பிப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

தொடக்கத்தில் திட்டமிட்டிருந்த முக்கிய அளவுகோல்களில் மருந்து போலி மாத்திரையை வெல்லவில்லை. தற்கொலை எண்ணமும் முயற்சியும் 'உணர்ச்சி நிலையின்மை' என்ற மங்கலான தலைப்புக்குள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2003-இல் பிரிட்டன் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு இந்த மருந்தைத் தரக் கூடாது என்றது. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளைகள் பங்கேற்ற 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடமும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 விழுக்காட்டினரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. ஆயினும் மருந்து உறைகளில் மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2015-இல் வேறொரு குழு ஆய்வு 329-இன் மூல ஆவணங்களை மறுபடி அலசி, மருந்து பயன் தரவில்லை, தீங்கு கூடியது என்று வெளியிட்டது. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்.

அந்த 275 பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கையெழுத்திட்டது, கிடைத்த உண்மை மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நம்பித்தான். அதனால்தான் இப்போது மருந்து ஆய்வுகள் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், முடிவு கசப்பாக இருந்தாலும் வெளியிட வேண்டும் என்கிறார்கள். ஆய்வுக்குப் பணம் தருவது யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிவு வந்ததும் உங்களுக்கும் ஒரு சுருக்கம் அனுப்பச் சொல்லலாம்.

இதை வாசித்துவிட்டு, மருத்துவர் தந்த மருந்தை உங்கள் பிள்ளைக்குத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருந்துகள் எல்லாம் ஒன்று போலில்லை. புளூவாக்செட்டின் பிள்ளைகளுக்குப் பயன் தருவதை மேலே பார்த்தோம். தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். தூக்கமின்மை, பதற்றம், புதிதாக வரும் சாவுப் பேச்சு இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாரத்தில் எதைத் தேடுவது?

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட்டு, அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். தகவல் தாளில் 'என்எம்ஆர்ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்குத் தனி நெறிமுறைக் குழுக்கள் உண்டு. பள்ளியில் நடக்கும் ஆய்வு என்றால் கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதமும் வேண்டும். தலைமையாசிரியரிடம் அதைக் காட்டச் சொல்லலாம். ஆய்வாளரின் தொலைபேசி எண்ணோடு நெறிமுறைக் குழுவின் எண்ணும் தாளில் இருக்க வேண்டும். ஆய்வாளரைப் பற்றிய புகாரை ஆய்வாளரிடமே சொல்லச் சொன்னால் அது சரியில்லை.

மலாய்மொழியோ ஆங்கிலமோ வாசிக்கச் சிரமமாக இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சாவு பற்றிய கேள்வி இருப்பதை அவர் உங்களிடம் சொல்லாமல் தாண்டிவிடலாம். ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பாரத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

பங்கேற்ற அன்று மாலை பிள்ளையிடம் "என்ன எழுதின?" என்று விசாரிக்க வேண்டாம். "இன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவரே பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள். "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆய்வு எதுவும் இல்லாமலேயே உங்கள் பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் மனநலப் பரிசோதனை கேட்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. தன்னார்வத் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. கொடுமை பற்றித் தெரிவிக்க தாலியான் காசே 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.